சாத்தனூர் கல்மரத்துக்கு வயது 12 கோடியா, 9 கோடியா? அரியலூர் முதல் புதுச்சேரி வரை ஒரு பாறைப் பஞ்சாயத்து

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் மண் எடுத்த இடத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. யாரோ ஒருவர் போட்டோ எடுத்தார். அடுத்த சில மணி நேரத்தில் 'பெரம்பலூரில் டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப் குரூப்கள் முழுக்க அதே படம்தான். செல்ஃபி எடுக்கக் கூட்டம் கூடியது.

புவியியல் தெரிந்தவர்கள் வந்து பார்த்துச் சொன்ன பதில், பலருக்கும் ஏமாற்றம்தான். அது முட்டை இல்லை. கடலடியில் செத்துக் கிடந்த அம்மோனைட் போன்ற உயிரிகளைச் சுற்றி, சேறும் சுண்ணாம்பும் இறுகித் திரண்ட கல்லுருண்டை.

இதை அவர்கள் கல்லை உடைத்து, லேபுக்கு அனுப்பித்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. அந்தக் கல் எந்த அடுக்கில் இருந்து வந்தது என்று தெரிந்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். டைனோசர் முட்டை போடுவது தரையில். அங்கே இருக்கும் அடுக்கோ கடலில் படிந்தது. அவ்ளோதான்.

ஆனால் 'எந்த அடுக்கு' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எப்போதும் இவ்வளவு சுலபமில்லை. குன்னத்தில் இருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள சாத்தனூர் கல்மரமே அதற்கு உதாரணம். 18 மீட்டருக்கும் அதிகமான நீளத்தில், கல்லாகிப்போன ஒரு பெரிய மரம் அங்கே படுத்துக் கிடக்கிறது. 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் இதை வெளியுலகத்துக்குச் சொன்னார். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவரான முதல் இந்தியர் அவர், தஞ்சாவூர்க்காரர். இன்று அந்த இடம் தேசியக் கல்மரப் பூங்கா. மரத்தின் வயது என்ன? சுற்றுலாத் தகவல்களிலும் செய்திகளிலும் பரவலாக வரும் எண் 12 கோடி ஆண்டுகள். ஆனால் அந்த மரம் கிடக்கும் பாறைக்குப் புவியியலாளர்கள் சொல்லும் வயது கிட்டத்தட்ட 9 கோடி ஆண்டுகள்தான்.

நடுவில் 3 கோடி ஆண்டுகள் எங்கே போயின? இதைப் புரிந்துகொள்ள, ஒரு கடற்கரைப் பாறையை எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள், ஓர் ஊரில் உள்ள அடுக்கை இன்னோர் ஊரில் உள்ள அடுக்கோடு எப்படி ஜோடி சேர்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

*கிழக்கே போகப் போக வயது குறையும்*

கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து, இந்தியா தனியாகப் பிரிந்தபோது, இன்றைய தமிழ்நாட்டின் கிழக்கு ஓரம் பல இடங்களில் விரிசல் விட்டுக் கீழே இறங்கியது. அந்தப் பள்ளங்களில் ஆறுகள் மண்ணைக் கொட்டின. பிறகு கடல் உள்ளே வந்தது. வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கு மிச்சம். இந்தப் பள்ளத்துக்குத்தான் 'காவிரிப் படுகை' என்று பெயர். கரைப்பகுதியில் மட்டும் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. பாக் நீரிணைக்கு அடியிலும் இது தொடர்கிறது.

இதில் கிரிட்டேசியஸ் காலப் பாறைகள்தான் கதாநாயகன். சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்தபோது, முடிந்த காலம் அது. பெரும்பாலான இடங்களில் இந்தப் பாறைகள் வண்டல் மண்ணுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கின்றன. வெளியே தலைகாட்டுவது சில இடங்களில் மட்டும். அரியலூர் - பெரம்பலூர் - திருச்சி எல்லைப் பகுதி பெரிய துண்டு. விருத்தாசலம் பக்கம் ஒரு சின்னத் துண்டு. புதுச்சேரிக்கு வடமேற்கே இன்னொன்று.

அரியலூர்ப் பகுதியில் அடுக்குகள் லேசாகக் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. புத்தக அடுக்கைச் சரித்துவிட்டால், ஓர் ஓரத்தில் எல்லாப் புத்தகங்களின் முனையும் தெரியும் இல்லையா, அது மாதிரி. மேற்கே ஊட்டத்தூரில் புறப்பட்டு, கருடமங்கலம், அரியலூர் வழியாகச் செந்துறை பக்கம் போனால், போகப் போகப் பாறையின் வயது குறையும். ஒரு மதியப் பயணத்தில் சுமார் 4 கோடி ஆண்டுகளைக் கடந்துவிடலாம். உலகில் இப்படி அமைந்த இடங்கள் அதிகம் இல்லை.

ஊட்டத்தூர் - காரை பக்கம் களிமண் பூமி. மழையில் அறுபட்டு, செடி கொடி இல்லாமல், பள்ளமும் மேடுமாக இருக்கும். வெயிலில் ஜிப்சம் பளபளக்கும். கருடமங்கலம் போனால் சிப்பி ஓடுகள் செறிந்த சுண்ணாம்புக் கல். 'திருச்சி மார்பிள்' என்று மெருகேற்றி அலங்காரப் பொருட்கள் செய்தார்களே, அதுதான். அரியலூரை நெருங்கும்போது மணற்பாறை, அப்புறம் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல். கலியுக வரதராஜப் பெருமாள் கோவில் இருக்கும் அதே கல்லங்குறிச்சி. அந்தச் சுண்ணாம்புக் கல், கனத்த ஓடுடைய சிப்பிகள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்து மடிந்த கடலடி. அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கு இதுதான் மூலப்பொருள். அந்த சிமெண்டில் வீடு கட்டியவர்களின் சுவரில் 7 கோடி ஆண்டுப் பழைய சிப்பி இருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை.

*முதல் தவறு புதுச்சேரியில் நடந்தது*

1840-களில் சென்னை சிவில் சர்வீஸில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு அதிகாரிகள், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற ஆய்வாளர் அவற்றை விவரித்து 1846-ல் அறிக்கை வெளியிட்டார். தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் பற்றி உலகத்துக்குத் தெரிய வந்தது அப்போதுதான்.

அதில் ஒரு சிக்கல். திருச்சியையும் விருத்தாசலத்தையும் ஒரு காலத்தில் வைத்த ஃபோர்ப்ஸ், புதுச்சேரிப் பாறைகளை அவற்றைவிடப் பழையவை என்று கருதி, கிரிட்டேசியஸின் தொடக்கக் காலத்தில் வைத்தார். பெட்டியில் வந்த ஓடுகளை ஐரோப்பிய ஓடுகளோடு ஒப்பிட்டு எடுத்த முடிவு அது. மண்ணை அவர் பார்த்ததில்லை.

அடுத்து வந்த எச்.எஃப்.பிளான்ஃபோர்டு நேரில் நடந்து வரைபடம் போட்டவர். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்காக அவர் எழுதிய நூல் 1862-ல் வந்தது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று குரூப்களாக அவர் பிரித்தார். 160 ஆண்டுகள் கழித்தும் அந்த மூன்று பெயர்களும் அப்படியே நிற்கின்றன. அவர் குரூப் பிரித்தது கண்ணுக்குத் தெரிந்த அடையாளங்களை வைத்து. உதாரணமாக, ஊட்டத்தூர்க் களிமண் முடிந்து திருச்சிராப்பள்ளி குரூப் தொடங்கும் இடத்தில் அடுக்குகள் ஒழுங்காகத் தொடர்வதில்லை. நடுவே அரிப்பு நடந்திருக்கிறது, கூழாங்கற்கள் கலந்த அடுக்கு வருகிறது. கடல் விலகி, நிலம் தேய்ந்து, மறுபடி கடல் வந்ததற்கு அது சாட்சி. அங்கே கோடு போட்டார்.

அவர் பிரித்த அடுக்குகளில் கிடைத்த உயிரினங்களை ஒவ்வொன்றாக விவரிக்கும் வேலை மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்காவிடம் போனது. அம்மோனைட், நத்தை, சிப்பி, பவளம் என்று 1873 வரை வால்யூம் வால்யூமாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே, யார்க்கண்ட் பயணத்தில் இருந்து திரும்பும் வழியில், லடாக்கில் உயிரிழந்தார். வயது 36-தான். இன்றும் அரியலூரில் ஓர் ஓடு கிடைத்தால், ஆய்வாளர்கள் முதலில் புரட்டுவது அவர் வரைந்து வைத்த தகடுகளைத்தான்.

புதுச்சேரிப் பஞ்சாயத்தைத் தீர்த்தது 1890-களில். ஆஸ்திரியரான ஃபிரான்ஸ் காஸ்மட் அம்மோனைட்களைத் திரும்ப ஆராய்ந்து, வழுதாவூர்ப் பாறைகள் அரியலூர் குரூப்பின் சமகாலத்தவை என்று நிறுவினார். அதாவது, கிரிட்டேசியஸின் தொடக்கத்தில் வைக்கப்பட்ட பாறை, கிரிட்டேசியஸின் கடைசிப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. 5 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஒரே தாவல்!

*பிச்சாவரத்தில் நின்று பார்த்தால் புரியும்*

ஏன் இப்படித் தப்பு நடக்கிறது? 100 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம், நடுவே விருத்தாசலம் பக்கத்துச் சின்னத் துண்டைத் தவிர இந்தப் பாறை வெளியே தெரியாது. அரியலூரில் மணற்பாறை, புதுச்சேரியிலும் மணற்பாறை என்றால் இரண்டும் ஒன்று என்று முடிவு கட்டலாமா?

கூடாது. பிச்சாவரத்தை நினைத்துப் பாருங்கள். சதுப்புக் காட்டுக்குள் கறுப்புச் சேறு. படகில் கொஞ்ச தூரம் போனால் கடற்கரை மணல் திட்டு. அதைத் தாண்டிக் கடலுக்குள் போனால் மெல்லிய களி. இந்த மூன்றும் இன்றைக்கு, இதே நிமிடத்தில் படிந்துகொண்டிருக்கின்றன. நாளை அவை பாறையானால் மூன்று விதமான பாறை. ஆனால் வயது ஒன்றுதான்.

இன்னொரு பக்கம், கடல்மட்டம் மெல்ல உயர்ந்து கரை உள்ளே நகர்ந்தால், மணல் திட்டும் கூடவே உள்ளே நகரும். பல லட்சம் ஆண்டுகளில் அது ஒரே நீளமான மணற்பாறை அடுக்காகிவிடும். பார்க்க ஒரே பாறை. ஆனால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் வயது வேறு.

அதனால்தான் புவியியலாளர்கள் ஒரே பாறைக்கு மூன்று விதமான கணக்கு எழுதுகிறார்கள். பாறையின் நிறம், துகள், தன்மையை வைத்துப் பிரிப்பது ஒன்று. வரைபடத்தில் குறிக்கும் அளவுக்குத் தனித்துத் தெரிந்தால் அதற்கு 'ஃபார்மேஷன்' என்று பெயர். பல ஃபார்மேஷன்கள் சேர்ந்தால் 'குரூப்'. உள்ளே கிடைக்கும் உயிரினங்களை வைத்துப் பிரிப்பது இரண்டாவது. காலத்தை வைத்துப் பிரிப்பது மூன்றாவது. ஒரே வீட்டை சர்வே நம்பரில் ஒன்றாகவும், கதவு எண்ணில் வேறாகவும் குறிப்பது போல. இந்தக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரும்பாலும் உட்காராது.

ஜோடி சேர்க்கும் வேலையில் நம்பகமான சாட்சி உயிரினம்தான், அதிலும் அம்மோனைட். சாளக்கிராமக் கல்லுக்குள் தெரியும் சுருள் இந்த இனத்துடையதே. அது இமயமலைப் பக்கத்தில் கிடைக்கும், இன்னும் பழையது. இந்த இனம் கடலில் வெகுதூரம் பரவியது. ஒவ்வொரு வகையும் கொஞ்ச காலமே வாழ்ந்து மறைந்து, அடுத்த வகை வந்தது. பழைய கரன்சி நோட்டு மாதிரி. ஒரு குறிப்பிட்ட நோட்டு கிடைத்தால், அந்தப் பெட்டி எந்தக் காலத்தில் மூடப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

காஸ்மட்டின் பெயரையே தாங்கி நிற்கும் காஸ்மாட்டிசெராஸ் என்ற அம்மோனைட் திருச்சிராப்பள்ளி குரூப்பில் கிடைக்கிறது, மடகாஸ்கரிலும் கிடைக்கிறது. புதுச்சேரிப் பாறையில் கிடைத்து ஃபோர்ப்ஸ் பெயர் வைத்த, சுருளாமல் நேராக வளர்ந்த ஓர் அம்மோனைட்டை வைத்து, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலும் தென்னாப்பிரிக்காவிலும் பாறைக்கு வயது சொல்கிறார்கள். புதுச்சேரி என்றால் நமக்கு பீச் ரோடு. அந்த ஆய்வாளர்களுக்கு அது ஓர் அளவுகோல்.

வயதை ஆண்டுக்கணக்கில் எப்படிச் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் வரலாம். அமெரிக்காவின் மேற்கில், அம்மோனைட் அடுக்குகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் அடுக்குகள் இருக்கின்றன. சாம்பலில் உள்ள கதிரியக்கத் தனிமங்களை அளந்தால் ஆண்டு கிடைத்துவிடும். அந்த ஆண்டை அம்மோனைட் வழியாக மற்ற நாட்டு அடுக்குகளுக்குக் கடத்துகிறார்கள். டூரோனியன் என்ற காலகட்டத்தின் தொடக்கத்துக்கு உலகப் பொது அடையாளமாகக் கொலராடோ மாநிலத்தின் பியூப்லோவில் ஒரு பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வயது சுமார் 9.39 கோடி ஆண்டுகள். பெயர் மட்டும் பிரான்ஸின் தூர் நகரத்தில் இருந்து வந்தது. காரைக் களிமண்ணில் நிற்கும் ஆய்வாளர், இந்த இரண்டு ஊர்களையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கோடு போட வேண்டும்.

*அப்போ கல்மரம்?*

சாத்தனூர் மரம் கிடப்பது திருச்சிராப்பள்ளி குரூப்பில். அது கடலில் படிந்த பாறை. கரையோரக் காட்டில் இருந்து அடித்து வரப்பட்ட மரம், கடலில் மிதந்து, தண்ணீர் ஏறி மூழ்கி, மணலில் புதைந்தது. மரத்தில் வயது எழுதியிருக்காது. ஆனால் அதே குரூப்பின் அடுக்குகளில் கிடைக்கும் அம்மோனைட்கள் காட்டுவது டூரோனியன், அதற்கடுத்த கோனியாசியன் காலங்களை. அதாவது ஏறக்குறைய 9.4 கோடிக்கும் 8.6 கோடிக்கும் இடைப்பட்ட காலம்.

12 கோடி என்பதோ கிரிட்டேசியஸின் முதல் பாதி. கிரிட்டேசியஸை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்தால், மேல் பகுதி தொடங்குவதே சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். 'மேல் கிரிட்டேசியஸைச் சேர்ந்த, 12 கோடி ஆண்டுப் பழமையான மரம்' என்று ஒரே வாக்கியத்தில் எழுதினால், அந்த வாக்கியம் தன்னைத்தானே மறுக்கிறது. இந்தப் பகுதிக்குள் கடல் நுழையத் தொடங்கியதைச் சொல்லும்போதும் இதே 12 கோடிதான் பேசப்படுகிறது. கடலின் வயது மரத்தின் மேல் ஒட்டிக்கொண்டது போல் தெரிகிறது. 9 கோடி என்று எழுதினால் மரத்தின் கெத்து ஒன்றும் குறைந்துவிடாது.

*குடவாசலும் நன்னிலமும் பாறைப் பெயர்கள்*

பெயர் விஷயத்தில் ஒரு சுவையான முரண். கள்ளக்குடி பக்கத்தில் பவளமும் கடற்பாசியும் சேர்ந்து கட்டிய பழைய சுண்ணாம்புப் பாறை ஒன்று உண்டு, ஊட்டத்தூர் குரூப்பின் அடிப்பகுதியில். அதற்குப் புவியியலில் 'டால்மியாபுரம் ஃபார்மேஷன்' என்று பெயர். அந்த ஊர்ப் பெயருக்காக நடந்த போராட்டம் தமிழ்நாட்டுக்கே தெரியும். 1953 ஜூலையில் கருணாநிதி தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தது இங்கேதான். ஸ்டேஷன் பலகை பிறகு மாறிவிட்டது. பாறையின் பெயர் மாறவில்லை. ஊர்ப் பெயர் மாறினாலும் பாறைக்கு வைத்த பெயரை மாற்றத் தேவையில்லை என்பது அடுக்கியலின் சர்வதேச விதி. அதனால் ஆய்வுக் கட்டுரைகளில் டால்மியாபுரம் இன்றும் டால்மியாபுரமே.

ஒரு பாறைக்கு ஒரு பெயர் என்று இருந்தால்கூடப் பரவாயில்லை. இங்கே அதுவும் இல்லை. பிளான்ஃபோர்டின் மூன்று குரூப்களை எப்படி ஃபார்மேஷன்களாக உடைப்பது என்பதில் பலர் பலவிதமாகக் கோடு போட்டிருக்கிறார்கள். 1996-ல் ஒரு திட்டம் வந்தது. 2001-ல் இந்திய, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சேர்ந்து இன்னொரு திருத்தம் வெளியிட்டார்கள். 2004-லும் 2007-லும் வேறு திட்டங்கள். ஒருவர் தனி ஃபார்மேஷன் என்று சொல்வதை இன்னொருவர் பெரிய ஃபார்மேஷனின் ஒரு பகுதி என்கிறார். அரியலூரில் ஓர் அம்மோனைட் எடுத்ததாக ஒரு கட்டுரை சொன்னால், அது எந்தத் திட்டத்தின்படி என்று பார்க்காமல் அடுத்த கட்டுரையோடு சேர்க்கவே முடியாது. கோடு எங்கே என்பதில் கருத்து வேறுபாடு இருப்பது இயல்பு. ஆனால் புதுத் திட்டம் போடுகிறவர்கள் பழைய பெயரையே வேறு அர்த்தத்தில் பயன்படுத்துவதுதான் நிஜமான தலைவலி.

நிலத்துக்கு அடியில் இருப்பது இன்னொரு உலகம். டெல்டாவில் எண்ணெய், எரிவாயு தேடி ஓ.என்.ஜி.சி. போட்ட கிணறுகளில், இதே கிரிட்டேசியஸ் அடுக்குகள் ஆழத்தில் வந்தன. வெளியே தெரியும் பாறையோடு நேரடியாக இணைக்க முடியாததால், அவற்றுக்குத் தனிப் பெயர்கள். கீழிருந்து மேலாக ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், பரங்கிப்பேட்டை. பஸ் ரூட் சொல்வது மாதிரி இருக்கும். அத்தனையும் பாறைப் பெயர். பரங்கிப்பேட்டை மட்டும் 'போர்ட்டோநோவோ' என்ற பழைய பெயரிலேயே ஆவணங்களில் இருக்கிறது.

சொந்த ஊர் நன்னிலம் என்பவர்களுக்கு, தங்கள் ஊர் பெயரில் 8 கோடி ஆண்டுப் பாறை இருப்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இதில் விளையாட்டு எதுவும் இல்லை. சாத்தப்பாடிக் களிப்பாறை எண்ணெய் உருவாகும் அடுக்குகளில் ஒன்று. புவனகிரி மணற்பாறையும் நன்னிலம் அடுக்கும் அதைத் தேக்கி வைப்பவை. எந்த அடுக்கு எங்கே தொடர்கிறது, எங்கே மெலிந்து முடிகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த கிணறு எந்த வயலில் என்று முடிவாகிறது. நெடுவாசல் போராட்டத்துக்குப் பிறகு, டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து 2020-ல் சட்டம் வந்த பிறகு, 'எங்கள் வயலுக்கு அடியில் என்ன இருக்கிறது' என்ற கேள்வி ஊர் டீக்கடை வரை வந்திருக்கிறது. பதில் இந்த அடுக்கு வரைபடத்தில்தான் இருக்கிறது.

கிணற்றில் அம்மோனைட் முழுசாகக் கிடைக்காது. துளைக்கருவி எல்லாவற்றையும் நொறுக்கிவிடும். அங்கே கைகொடுப்பது ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் ஓடுகள். பல வகைகள் மணல் துகள் அளவுதான் இருக்கும். நொறுங்கிய தூளிலும் முழுசாகத் தப்பிக்கும். குளோபோட்ரங்கானா என்ற குடும்பத்து ஓடுகள் தூளில் வந்தால், துளை இன்னும் கிரிட்டேசியஸில்தான் இருக்கிறது என்று அர்த்தம், 6.6 கோடி ஆண்டுகளுக்கு மேல் அவை வரவில்லை. கூடவே கிணற்றுக்குள் கருவி இறக்கி இயற்கைக் கதிரியக்கத்தை அளப்பார்கள். களியில் அது பொதுவாக அதிகம், மணலில் குறைவு. அந்த ஏற்ற இறக்கக் கோட்டைப் பக்கத்துக் கிணற்றின் கோட்டோடு வைத்து, இசிஜி ஒப்பிடுவது மாதிரி ஒப்பிடுவார்கள்.

ஆனால் படுகை ஒரே தட்டு இல்லை. நடுநடுவே பூமிக்கடியில் மேடுகள். கும்பகோணம் பக்கம் ஒன்று, பட்டுக்கோட்டை - மன்னார்குடி வழியாக ஒன்று, மண்டபத்தில் இருந்து நெடுந்தீவு நோக்கி ஒன்று. ஒவ்வொரு மேட்டுக்கும் இரு பக்கமும் தனித்தனிப் பள்ளம். ஒரு பள்ளத்தில் கனமாக இருக்கும் அடுக்கு அடுத்த பள்ளத்தில் காணாமலே போகலாம்.

*தண்ணீருக்கும் இதே கணக்குதான்*

எண்ணெய் எல்லோருக்கும் சம்பந்தப்பட்டதில்லை. தண்ணீர் அப்படி இல்லை. புதுச்சேரி, வானூர் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்கு, 'மேல் மணல்பாறையில் தண்ணி இல்லேன்னா கீழ்ப்பாறைக்குப் போகணும்' என்பது பழக்கமான பேச்சு. அந்தக் கீழ்ப்பாறையில் ஒன்று கிரிட்டேசியஸ் கால வானூர் - ராமநாதபுரம் மணற்பாறை. (இந்த ராமநாதபுரம் மாவட்டத் தலைநகர் இல்லை, புதுச்சேரி அருகே உள்ள கிராமம். பலரும் குழம்பும் இடம் இது.) அந்த மணற்பாறை எங்கே வெளியே தெரிகிறதோ, அங்கேதான் மழை நீர் அதற்குள் இறங்கும். எங்கே களி அடுக்கின் கீழ் போகிறதோ, அங்கே மேலே எவ்வளவு மழை பெய்தாலும் நேராக உள்ளே சேராது. ஒரு மணற்பாறையை இன்னொன்றாக நினைத்துவிட்டால், தண்ணீர் சேர்க்கும் திட்டம் தப்பான இடத்தில் போய் உட்காரும்.

*எலும்பு போய்விட்டது, அடுக்கு இருக்கிறது*

அரியலூர் குரூப்பின் உச்சியில் கல்லமேடு ஃபார்மேஷன். கடல் விலகி, ஆறுகள் மணலும் களியும் கொட்டிய காலம். டைனோசர் தேட வேண்டுமானால் குன்னத்தில் இல்லை, இங்கேதான் தேட வேண்டும். 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் இங்கே பிரமாண்டமான எலும்புகளைக் கண்டு 'பிருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று பதிவு. முதலில் ஊனுண்ணி என்று சொல்லப்பட்டது. பிறகு நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி வகை என்று திருத்தப்பட்டது. உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்ற பேச்சு இன்றும் உண்டு. ஆனால் சரிபார்க்க வழியில்லை. ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்ட அந்த எலும்புகள் உதிர்ந்து போய்விட்டன. மிச்சம் இருப்பது படங்களும் அளவுகளும் மட்டும்.

கல்லமேட்டுக்கு மேல் நின்னியூர்ப் பாறை. அது டைனோசர்கள் அழிந்த பிறகு, கடல் திரும்பி வந்தபோது படிந்தது. இரண்டுக்கும் நடுவில்தான் அந்தப் பேரழிவின் கோடு. ஆற்றுப் படிவில் அம்மோனைட் இருக்காது என்பதால், கோடு எந்த அங்குலத்தில் விழுகிறது என்று காட்டுவது அரியலூரில் மிகவும் கஷ்டம்.

இந்த வேலைக்கெல்லாம் பாறை முகம் வெளியே தெரிய வேண்டும். இங்கேதான் சுரங்கங்களின் இரட்டை வேடம். கல்லங்குறிச்சியிலும் கள்ளக்குடியிலும் சிமெண்ட்டுக்காக வெட்டிய பள்ளங்கள் இல்லாமல் போயிருந்தால், பல அடுக்குகளை யாரும் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆய்வாளர்கள் மாதிரி எடுத்த இடங்களில் பலவும் சுரங்கச் சுவர்கள்தான். அதே சுவர் அடுத்த சில மாதங்களில் வெட்டப்பட்டு ஆலைக்குப் போய்விடும். கைவிடப்பட்ட பள்ளங்களில் தண்ணீர் நிரம்பி, அடிச்சுவர் மூழ்கிவிடும். ஒரு ஃபார்மேஷனுக்கு அடையாளமாக ஒருவர் குறித்த இடத்தை அடுத்தவர் வந்து சரிபார்க்க முடியாமல் போனால், பெயர்ப் பஞ்சாயத்து தீரவே தீராது.

*உங்கள் ஊரில் இப்படி ஒரு கல் கிடைத்தால்?*

உடனே கையில் எடுக்க வேண்டாம். கிடந்த இடத்திலேயே, சுற்றியுள்ள மண்ணும் பாறையும் தெரியும்படி போட்டோ எடுங்கள். அளவு தெரிய ஒரு பேனாவோ சாவியோ பக்கத்தில் வையுங்கள். மேப்பில் லொக்கேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் என்றால், மேலிருந்து எத்தனை அடி ஆழம் என்று எழுதுங்கள். பிறகு மாவட்ட நிர்வாகத்துக்கோ, புவியியல் துறை உள்ள கல்லூரிக்கோ, வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ தகவல் சொல்லலாம்.

கழுவித் துடைத்து வீட்டு ஷோகேஸில் வைத்த கல்லை எடுத்துக்கொண்டு வருபவர்களிடம் நிபுணர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'இது எங்கே, எந்த மண்ணில் கிடந்தது?' என்பதுதான். பதில் இல்லையென்றால், அதன் வயது 7 கோடியா 10 கோடியா என்று அவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.